அஞ்சு பேர், ஒரு கோடி மக்கள்: லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டியை யார் ஆள்றாங்க?

[காட்சி: செவ்வாய்க்கிழமை காலை. டெம்பிள் தெரு, கென்னத் ஹான் நிர்வாகக் கட்டடம். கூட்ட அரங்கு.]

மேடையில அஞ்சு நாற்காலி. கீழே மைக் முன்னாடி பேச வந்த பொதுமக்கள். ஒருத்தருக்கு ஒண்ணு ரெண்டு நிமிஷம் கிடைச்சாலே பெரிசு. ஒருத்தர் வாடகை வீட்டைப் பத்திப் பேசுவார், அடுத்தவர் சிறையில இருக்கிற மகனைப் பத்தி. கேக்குறது அந்த அஞ்சு பேர். இவங்களுக்குப் பேர் சூப்பர்வைசர்கள்; அஞ்சு பேரும் சேர்ந்ததுதான் போர்டு.

லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துக்கு மேயர் தனி, நகர கவுன்சில் தனி. பல நகரங்களையும் மிச்ச நிலத்தையும் சேர்த்த, நம்ம ஊர் மாவட்டம் மாதிரியான கவுண்டி அப்படியில்ல. சட்டம் போடுறதும் இந்த அஞ்சு பேர்தான், அதை நடத்துறதும் அவங்கதான். நிலம், கட்டடம் சம்பந்தமான சில மேல்முறையீடுகள்ல தீர்ப்புச் சொல்ற இடத்துலயும் அவங்களே உக்காருவாங்க. மூணு ஓட்டு விழுந்தா பெரும்பாலான தீர்மானம் நிறைவேறிடும். தடுக்க மேல ஒரு ஆள் கிடையாது.

[காட்சி: வரைபடம். 88 நகரங்கள் ஒரு நிறம், மிச்ச நிலம் வேறு நிறம்.]

2020 கணக்கெடுப்புப்படி இங்க ஒரு கோடி பேர். ஒரு சூப்பர்வைசருக்கு ஏறக்குறைய 20 லட்சம். அஞ்சு பேர்ங்கிற இந்த எண்ணிக்கை 1852-ல வந்தது. அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி எடுத்த கணக்குல மொத்த ஜனத்தொகையே 3,530!

வரைபடத்துல வேறு நிறத்துல தெரியுதே, எந்த நகராட்சியிலயும் சேராத அந்தப் பகுதியைப் பாருங்க. சுமார் பத்து லட்சம் பேர் அங்க இருக்காங்க. கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸ் அதுல ஒண்ணு. அங்க வாசல் முன்னாடி ரோடு குழியா இருந்தா, சொல்றதுக்கு மேயரும் இல்ல, கவுன்சிலரும் இல்ல. சூப்பர்வைசர் ஆபீஸுக்குத்தான் போன் போடணும். 20 லட்சம் பேருக்கு ஒருத்தர், அவர்கிட்ட தெருக்குழியும் போகணும்னா அது நியாயமே இல்லைங்கிறதுதான் என் எண்ணம்.

இன்னொரு விதி. கலிபோர்னியாவுல பிரவுன் சட்டம்னு ஒண்ணு 1953-லேர்ந்து இருக்கு. வழக்கு மாதிரி சட்டம் விலக்கு கொடுத்த சில விஷயங்களைத் தவிர, போர்டுல பெரும்பான்மையா இருக்கிறவங்க மூடின கதவுக்குள்ள கூடி அலுவல் பேசக் கூடாது. அஞ்சுல பெரும்பான்மை மூணு. அதனால ஒரு சூப்பர்வைசர் ஒரு விஷயத்தை இன்னொருத்தர்கிட்ட பேசிட்டா, மூணாவது ஆளோட அதைப் பேச செவ்வாய்க்கிழமை மேடைதான். உதவியாளர் மூலமா சொல்லி அனுப்பினாலும் தப்புதான். இந்தச் சட்டம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். மைக் முன்னாடி நிக்கிற அந்த மனுஷன் காதுல விழாம எதுவும் முடிவாகக் கூடாதுங்கிறதுதான் இதோட உயிர்.

[காட்சி: அஞ்சு நாற்காலிக்குப் பக்கத்துல தனியா மூணு நாற்காலி.]

போர்டுக்குக் கட்டுப்படாத மூணு பேரும் இருக்காங்க: ஷெரீஃப் (கவுண்டி போலீஸ் தலைவர்), டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி (குற்ற வழக்கு நடத்துற அரசு வக்கீல்), சொத்து மதிப்பீட்டாளர். மூணு பேரும் மக்கள் நேரடியா ஓட்டுப் போட்டு வந்தவங்க. ஷெரீஃப் துறைக்குப் பணம் ஒதுக்குறது போர்டு. ஆனா குற்ற விசாரணையை இப்படி நடத்துன்னு அவருக்கு உத்தரவு போட முடியாது. 2022-ல மக்கள் ஓட்டுப் போட்டு ஒரு கடிவாளம் கொடுத்தாங்க: தகுந்த காரணம் இருந்தா, அஞ்சுல நாலு பேர் சேர்ந்து ஷெரீஃபை நீக்கலாம்.

அன்றாட நிர்வாகத்துக்குத் தலைமை நிர்வாக அதிகாரி ஒருத்தர் இருக்கார். அவர் போர்டு நியமிக்கிற ஆள். 2007-ல துறைத் தலைவர்கள் பலரையும் அவர் கீழ கொண்டுவந்தாங்க. 2015-ல அந்த அதிகாரத்தை போர்டே திருப்பி எடுத்துக்கிச்சு. ஒரு லட்சத்துக்கும் மேல ஊழியர்கள், வருஷத்துக்கு 4,500 கோடி டாலருக்கு மேல பட்ஜெட். இவ்வளவு பெரிய நிர்வாகத்துல தப்பு நடந்தா யாரைக் கேக்குறது?

இந்தக் கேள்விக்குத்தான் 2024 நவம்பர்ல மக்கள் பதில் சொன்னாங்க. போர்டைப் பெரிசாக்கும் யோசனையை முன்னாடி பலமுறை நிராகரிச்சவங்க, இந்த முறை குறைஞ்ச வித்தியாசத்துல ‘ஜி’ தீர்மானத்தை ஏத்துக்கிட்டாங்க. 2028-ல கவுண்டி நிர்வாகத் தலைவரை மக்களே தேர்ந்தெடுப்பாங்க. 2030 கணக்கெடுப்புக்கு அப்புறம் தொகுதிகளைத் திரும்பப் பிரிச்சு, 2032 தேர்தல்ல அஞ்சு நாற்காலி ஒன்பதாகுது. அப்போ ஒரு சூப்பர்வைசருக்கு ஏறக்குறைய 11 லட்சம் பேர்.

[காட்சி: மேடை. அஞ்சு நாற்காலிக்குப் பக்கத்துல நாலு வெற்றிடம்.]