கவாத்துக்கு முன்

உதகை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

தொழில் தொடங்கியவர்களின் மன உறுதியைப் பற்றிப் பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள். செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு சிறு தொழில்கள் என்ன ஆகின்றன என்பதையும் சேர்த்துச் சொல்லச் சொன்னார்கள். வெற்றிக்கதை கேட்கலாம் என்று யாராவது ஒலியைக் கூட்டி வைத்திருந்தால் இப்போதே குறைத்துக்கொள்ளலாம். என் நிறுவனத்தில் பதினான்கு பேர் வேலை பார்த்தார்கள். இன்று ஐந்து பேர் இருக்கிறார்கள்.

கோத்தகிரியில் ஒரு மளிகைக் கடையின் மாடியில் 2019-ஆம் ஆண்டு தொடங்கினேன். ஒலிப்பதிவைக் கேட்டு எழுத்தில் ஏற்றித் தருவது எங்கள் வேலை. நீண்ட பேட்டிகள், கருத்தரங்க உரைகள், ஆய்வாளர்கள் கிராமங்களில் பதிவு செய்த உரையாடல்கள், காணொளிகளுக்கு அடியில் ஓடும் வசன வரிகள், எல்லாம் வந்தன. ஒரு நிமிட ஒலிக்கு 18 ரூபாய் கிடைத்தது. வேலைக்கு வந்த பெண்களில் பாதிக்கு மேல் தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். பட்டம் வாங்கியதும் கோவைக்கோ திருப்பூருக்கோ இறங்கிப் போக வேண்டியவர்கள், இறங்காமல் இங்கேயே சம்பாதித்தார்கள். எனக்கு அதில் பெருமை அதிகம். கொஞ்சம் தலைக்கனம் என்றே சொல்லலாம்.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்ததை எல்லாருக்கும் நினைவிருக்கும். எங்களைத் தாக்கியது அது இல்லை. அதற்கு இரண்டு மாதம் முன்பு, செப்டம்பரில், அதே ஓபன்ஏஐ நிறுவனம் விஸ்பர் என்ற ஒன்றை வெளியிட்டது. 6,80,000 மணி நேர ஒலியைக் கேட்டுப் பயின்ற மென்பொருள். தமிழ் உட்படப் பல மொழிகளின் பேச்சை எழுத்தாக்கும். காசு கொடுக்காமல் யாரும் இறக்கிக்கொள்ளலாம். அதைத் தொடர்ந்து அதே மாதிரியான கருவிகள் வரிசையாக வந்தன.

முதலில் சிரித்தோம். தேயிலைச் செடி புதிதாகத் தழைக்கக் கிளைகளை வெட்டிவிடுவதைக் கவாத்து என்பார்கள். தோட்டத்து மேஸ்திரி ஒருவர் "கவாத்து வெட்டினோம்" என்று சொன்னதை ஒரு கருவி "கவிதை வெட்டினோம்" என்று எழுதியிருந்தது. அதைத் தாளில் எடுத்து அலுவலகச் சுவரில் ஒட்டிவைத்தோம். ஆறு மாதம் கழித்து அந்தத் தாள் அங்கேயே இருந்தது, சிரிப்புதான் இல்லை. எங்கள் பெரிய வாடிக்கையாளர், "இனி இயந்திரமே எழுதிவிடும், நீங்கள் திருத்தினால் போதும், நிமிடத்துக்கு 5 ரூபாய்" என்றார். மோசமாக எழுதியதைத் திருத்துவதற்கு, புதிதாக எழுதும் அளவுக்கே நேரம் பிடிக்கும். எழுத்து வேலை செய்யாதவர்களுக்கு இதைப் புரியவைக்க என்னால் இன்றுவரை முடியவில்லை.

இந்த மலைக்கு இது புதிய கதை இல்லை. உதகையிலிருந்து கூடலூர் சாலையில் போகிறவர்கள் இந்துநகரைக் கடந்திருப்பார்கள். இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1960-இல் நிறுவப்பட்டு 1967-இல் உற்பத்தியைத் தொடங்கியது. கறுப்பு வெள்ளைப் படச்சுருளும் எக்ஸ்ரே படலமும் அங்கிருந்து நாடு முழுவதும் போயின. உலகம் வண்ணத்துக்கு மாறியது, பிறகு சுருளே வேண்டாம் என்று டிஜிட்டலுக்குப் போனது. ஆலை நின்றுவிட்டது. சிறு வயதில் பஸ் அந்த வழியாகப் போகும்போதெல்லாம், இவ்வளவு பெரிய இடத்தில் இருந்தவர்களுக்கு வரப்போவது தெரியாமலா போயிற்று என்று நினைத்திருக்கிறேன். அந்தக் கேள்வியை இப்போது யாரிடமும் கேட்க எனக்கு வாய் வராது. அங்கே மாற்றம் வந்து சேர ஒரு தலைமுறைக் காலம் பிடித்தது. எனக்குக் கிடைத்தது ஒன்பது மாதம், அதையும் நான் வீணாக்கினேன்.

எப்படி வீணாக்கினேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

2023 ஜூன் மாதத்திலிருந்து வரவு குறையத் தொடங்கியது. நான் யாரிடமும் சொல்லவில்லை. சம்பளம் மட்டும் முதல் தேதி தவறாமல் போட்டேன். பணத்துக்கு நகையை அடகு வைத்தேன். கோத்தகிரியில் காலையில் அடகு வைத்தால் மாலைக்குள் மார்க்கெட் முழுக்கத் தெரிந்துவிடும். அதனால் பஸ் ஏறி மேட்டுப்பாளையத்துக்கு இறங்கிப் போய் வைத்தேன். மூன்று முறை போனேன். மூன்றாவது முறை, திரும்பும் வழியில் பனிமூட்டத்துக்குள் பஸ் நின்றபோது, ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து கையில் வளையல் இருந்த இடத்தைத் தடவிக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது. அலுவலகத்தில் எல்லாருக்கும் காட்டும் கணக்கு ஒன்று, என் கைப்பேசியில் இருந்த நிஜக் கணக்கு ஒன்று என்று இரண்டு வைத்திருந்தேன்.

ஏன் மறைத்தேன்? எங்கள் குடும்பம், மலையகத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்ப இரு நாடுகளும் 1964-இல் செய்த சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து கப்பலேறி வந்த குடும்பம். தாத்தா காலத்திலிருந்து லைன் வீடு, அதாவது தோட்டத்தில் ஒரே வரிசையில் ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடு. நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். கடன், சண்டை, நோய் எதுவாக இருந்தாலும் குரலைத் தாழ்த்தியே பேசிப் பழகியவர்கள் நாங்கள். கஷ்டம் வெளியே கேட்காமல் இருப்பதைத்தான் கௌரவம் என்று சொல்லித் தந்தார்கள். நான் அந்த லைன் வீட்டை அப்படியே அலுவலகத்துக்குள் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன் என்பது பிறகுதான் புரிந்தது.

மனிதர்களிடம் சொல்லாததை இரவு இரண்டு மணிக்கு ஓர் உரையாடல் செயலியிடம் சொன்னேன். என் தொழிலைத் தின்ற அதே வகை இயந்திரத்திடம் போய் ஆறுதல் தேடியதை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. நிறுவனத்தைத் தொடர்ந்து நடத்தலாமா என்று கேட்டேன். என் துணிச்சலைப் பாராட்டி, நடத்துவதற்கு ஏழு காரணங்களை அடுக்கியது. நன்றாகத் தூங்கினேன். மறுநாள் இரவு, மூடிவிடலாம் என்று இருக்கிறேன் என்றேன். என் முதிர்ச்சியைப் பாராட்டி, மூடுவதற்கு ஏழு காரணங்களை அடுக்கியது. அன்று தூக்கம் வரவில்லை. கேட்பவருக்கு ஒத்து ஊதும் இந்தக் குணம் உலகறிந்த சிக்கல்தான். 2025 ஏப்ரலில் ஓபன்ஏஐ தன் செயற்கை நுண்ணறிவு மாதிரி ஒன்றில் செய்த மாற்றத்தை, அளவு மீறி முகத்துதி செய்கிறது என்று தானே திரும்பப் பெற்றது. கடிதம் எழுத, கணக்கைச் சரிபார்க்க இந்தச் செயலிகளை இன்றும் பயன்படுத்துகிறேன். இரவு பத்து மணிக்கு மேல் மட்டும் திறப்பதில்லை.

அப்பா ஓய்வு பெற்ற தோட்டத் தொழிலாளி. முப்பது ஆண்டுகள் கவாத்துக் கத்தி பிடித்தவர். ஒரு நாள் விடியற்காலை மூன்று மணிக்கு என் அறையில் விளக்கு எரிவதைப் பார்த்து எழுந்து வந்தார். ஒன்றும் கேட்காமல் பிளேன்டீ போட்டுக் கொடுத்தார். ஏதோ பேச வேண்டுமே என்று நான் கவாத்தைப் பற்றிப் பேச்செடுத்தேன். தொழில்முனைவோர் கூட்டங்களில் அடிக்கடி சொல்லப்படும் உவமை அது: தேயிலைச் செடியைத் தரை தெரிய வெட்டினாலும் மறுபடி தழைக்கிறது, நாமும் அப்படித் தழைக்க வேண்டும் என்பார்கள். அதை அப்பாவிடம் சொன்னேன்.

"யாரம்மா அப்படிச் சொன்னது? எல்லாச் செடியும் தழைக்காது" என்றார்.

பிறகு அவர் விளக்கியதைச் சொல்கிறேன். வெட்டிய செடியில் இலை இருக்காது. இலை இல்லாவிட்டால் செடியால் உணவு தயாரிக்க முடியாது. புதுத் தளிர் வரும்வரை, வேரில் சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்தைத் தின்றுதான் அது உயிரோடு இருக்கும். அதனால் கவாத்துக்கு முன், சில செடிகளின் வேரை வெட்டி எடுத்து, வெட்டுவாயில் அயோடின் தடவிப் பார்ப்பார்கள். கருநீலமாக மாறினால் சத்து இருக்கிறது, வெட்டலாம். நிறம் மாறாவிட்டால் கத்தியை வைக்கக் கூடாது. சில வாரங்கள் கொழுந்து பறிப்பதை நிறுத்தி, செடியைச் சும்மா விட வேண்டும். இலை உழைத்து வேருக்குச் சத்து இறங்கிய பிறகுதான் வெட்டு. "சத்தில்லாத செடியை வெட்டினால் கிளை கிளையாகக் காய்ந்து போகும். செடியைத் திட்டி என்ன செய்வது?" என்றார். தம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். எனக்குப் புத்தி சொல்லும் எண்ணம் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. கவாத்தைப் பற்றித் தப்பாகப் பேசினால் அவருக்குப் பொறுக்காது, அவ்வளவுதான்.

நான் விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். என் வேரில் அயோடின் தடவினால் என்ன நிறம் வரும்? பணம் இல்லை, தூக்கம் இல்லை. ஆனால் பதினான்கு பேர் இருந்தார்கள், அவர்களை நான் கேட்டதே இல்லை.

2024 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை எல்லாரையும் உட்காரவைத்து, வெள்ளைப் பலகையில் இரண்டு எண்களை எழுதினேன். வங்கியில் இருப்பது 2,11,000 ரூபாய். மாதச் சம்பளம் 2,38,000 ரூபாய். கை நடுங்கியதில் ஒரு சைபரை இரண்டு முறை எழுதி அழித்தேன். அழுவார்கள், கோபப்படுவார்கள் என்று எதிர்பார்த்தேன். மூத்தவள் ஒருத்தி மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, எங்களுக்கு ஆறு மாதமாகவே தெரியும். தினமும் எத்தனை ஒலிக்கோப்பு வருகிறது என்று எண்ணுகிறவர்கள் நாங்கள்தானே?"

எனக்கு ஏதோ திட்டம் இருக்கும் என்று நம்பி அவர்கள் வாயைத் திறக்கவில்லை. அவர்கள் பயந்துவிடுவார்கள் என்று நான் வாயைத் திறக்கவில்லை. அந்த நம்பிக்கையில் இரண்டு பேர் கோவையில் கிடைத்த வேலையை வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். நான் ஜூன் மாதமே சொல்லியிருந்தால் அவர்கள் போயிருப்பார்கள். அவர்களில் ஒருத்தி இன்று மார்க்கெட்டில் என்னைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் கடந்து போய்விடுகிறாள். அவள் செய்வது சரி என்றுதான் நினைக்கிறேன்.

ஒன்பது பேர் விலகினார்கள். மிச்சமிருந்த ஐவரோடு என்ன வேலை செய்யலாம் என்று யோசித்தபோது அந்தக் கவிதைத் தாள்தான் வழி காட்டியது. தோட்டத்துத் தமிழ், நீலகிரிப் படுகர்களின் படுகு மொழி கலந்த தமிழ், முதியவர்களின் தடுமாறும் பேச்சு, இவற்றில் இயந்திரம் நிறையத் தவறுகிறது. இன்னொரு கோளாறும் உண்டு. பேசுகிறவர் மௌனமான இடத்தில், சொல்லாத வாக்கியத்தைத் தானே சேர்த்து எழுதிவிடும். ஆய்வாளர்களும் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். கணவனை இழந்த ஓர் அம்மா பேச முடியாமல் நிறுத்திய இடத்தில், "நன்றி, மீண்டும் சந்திப்போம்" என்று எழுதியிருந்ததை நானே பார்த்தேன். இப்போது இயந்திரத்தின் முதல் படியை நாங்களே எடுத்து, ஒலியோடு ஒப்பிட்டு, பொறுப்பேற்றுக் கையெழுத்திட்டுத் தருகிறோம். கூலி மணிக்கணக்கில். பெரிய வருமானம் இல்லை.

என் உடம்பு மட்டும் உடனே சரியாகவில்லை. குன்னூரில் ஒரு மனநல மருத்துவரைப் பார்த்து மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டேன். இதை வானொலியில் சொல்லத்தான் வேண்டுமா என்று அம்மா நேற்று கேட்டார். லைன் வீட்டுச் சுவர் அவருக்கு இன்னும் காதில் இருக்கிறது. அமெரிக்காவில் 242 தொழில்முனைவோரிடம் கேட்டு 2015-இல் வெளியான ஓர் ஆய்வில், 49 சதவீதம் பேர் வாழ்நாளில் ஏதாவது ஒரு மனநலச் சிக்கலைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். அந்த ஊர்க் கணக்கு நம் மலைக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அம்மாவிடம் காட்ட உதவியது. மருத்துவரிடம் போகத் தயங்குகிறவர்கள் 14416 என்ற எண்ணை அழைக்கலாம். டெலி மானஸ் என்ற அரசு சேவை, 2022 அக்டோபரிலிருந்து நடக்கிறது. கட்டணம் இல்லை, இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். அந்தச் செயலியிடம் புலம்பிய இரவுகளில் எனக்கு இந்த எண் தெரியாது.

அந்த வெள்ளைப் பலகை இன்னும் இருக்கிறது. மாதத்தின் முதல் திங்கட்கிழமை, கையிருப்பு எத்தனை மாதத்துக்கு வரும் என்று அதில் எழுதுகிறோம். சில மாதம் நான் எழுதுவேன், சில மாதம் அவர்களில் யாராவது. இந்த மாதம் நான்கரை என்று எழுதியிருக்கிறது. அப்பா ஒரு நாள் எட்டிப் பார்த்து, "நிறம் பரவாயில்லை" என்றார்.

இந்த உரையின் ஒலிப்பதிவை எழுத்தாக்கித் தரும்படி நிலையத்தார் எங்களிடமே கேட்டிருக்கிறார்கள். முதல் படியை இயந்திரம் எடுத்துவிடும். கவாத்து என்று வருகிற இடங்களை மட்டும் நானே உட்கார்ந்து பார்க்கப்போகிறேன். நன்றி, வணக்கம்.