நான்கு விரல் காட்டிய ஓட்டுநர்

வணக்கம் நேயர்களே.

லெவல் கிராசிங் கேட் மூடிவிட்டது, வண்டியை அணைத்துவிட்டுக் காத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தூரத்தில் ஹாரன் சத்தம் கேட்கிறது. வருவது பயணிகள் ரயில் என்றால் அரை நிமிடத்தில் கடந்துவிடும். கூட்ஸ் வண்டி என்று தெரிந்ததும் பக்கத்தில் நிற்கிறவர் முகத்தைப் பாருங்கள், ஒரு பெருமூச்சு விடுவார். பெட்டி வந்துகொண்டே இருக்கும், வந்துகொண்டே இருக்கும். ஆனால் அதே இடத்தில் ஏதாவது ஒரு காருக்குள் குழந்தை இருந்தால் அது எண்ணத் தொடங்கியிருக்கும். ஒன்று, இரண்டு, மூன்று என்று போய், ஐம்பதுக்கு மேல் கணக்குத் தவறி, மறுபடி எங்கிருந்தாவது ஆரம்பிக்கும். நானும் அப்படி எண்ணியவன்தான். மற்றவர்கள் வளர்ந்ததும் நிறுத்திவிட்டார்கள், நான் நிறுத்தவில்லை.

சரி, இன்றைக்கு நான் பேச வந்தது கூட்ஸ் வண்டியைத் துரத்துவது பற்றி. காரில் போய், ரயிலை முந்தி, அது வருவதற்கு முன்னால் நல்ல இடமாகப் பார்த்து நின்று படம் எடுப்பது, எடுத்ததும் மறுபடி காரில் ஏறி மறுபடி முந்தி இன்னொரு இடத்தில் நிற்பது. ஒரே ரயிலை ஒரு நாளில் நான்கு இடத்தில் எடுத்தால் அது பெரிய நாள்.

ஏன் கூட்ஸ் வண்டி, அழகான எக்ஸ்பிரஸ் ரயில்கள் எத்தனையோ இருக்கின்றனவே என்று கேட்பார்கள். எக்ஸ்பிரஸ் ரயிலுக்குக் கால அட்டவணை இருக்கிறது. ஆறு மணி பத்து நிமிடத்துக்கு வரும் என்றால் ஆறு மணிக்குப் போய் நின்றால் போதும். கூட்ஸ் வண்டிக்கு நம் கையில் கிடைக்கிற மாதிரி அட்டவணை எதுவும் கிடையாது. பத்து நிமிடத்தில் வரலாம், சாயங்காலம் வரைக்கும் வராமலும் இருக்கலாம். அதனால் அதைப் பிடிக்க வேண்டுமானால் நிலத்தைப் படிக்கத் தெரிய வேண்டும். எங்கே ஏற்றம், எங்கே வளைவு, எங்கே லூப் லைன், அதாவது ஒரு ரயில் ஒதுங்கி இன்னொன்றுக்கு வழி விடுகிற பக்கத் தண்டவாளம், எந்த சிக்னல் என்ன நிறம், எல்லாம். இதில் ஏற்றம்தான் முதல் பாடம். ஏற்றத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் என்னை நிறுத்துவது கஷ்டம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் உருளும்போது உராய்வு மிகவும் குறைவு. சமதளத்தில் ஒரு டன் எடையை மெதுவாக உருட்டிக்கொண்டு போக ஒன்று, இரண்டு கிலோ இழுவிசை போதும். ஒரு குழந்தை இழுக்கிற அளவு. ரயில் இவ்வளவு மலிவாகச் சரக்கு சுமப்பதன் ரகசியமே அதுதான். ஆனால் பாதை நூற்றுக்கு இரண்டு என்ற கணக்கில் ஏறினால், அதாவது நூறு மீட்டர் முன்னால் போகும்போது இரண்டு மீட்டர் உயர்ந்தால், அதே ஒரு டன்னுக்குக் கூடுதலாக 20 கிலோ இழுவிசை வேண்டும். பத்து மடங்குக்கும் மேல்! காரில் போகிறவருக்கு நூற்றுக்கு இரண்டு ஏற்றம் ஏற்றமாகவே தெரியாது. 6,000 டன் ரயிலுக்கோ அந்த ஏற்றத்துக்கு மட்டுமே 120 டன் இழுவிசை போய்விடும். அதனால்தான் மலையில் கூட்ஸ் வண்டி தவழ்கிறது. சைக்கிளை வேகமாக மிதிக்கிறவர் கூடவே வந்துவிடுவார். நமக்கு வேண்டியதும் அதுதானே. சமவெளியில் கூட்ஸ் வண்டியைத் துரத்தினால் அது நம்மை விட்டுவிட்டுப் போய்விடும். மலையில் நமக்கு நேரம் கிடைக்கிறது.

இப்படி நேரம் கொடுக்கிற மலைப்பாதைகளில் உலகம் முழுவதும் இருந்து ரயில் பிரியர்கள் தேடிப்போகிற ஒன்று அமெரிக்காவில், கலிபோர்னியாவில் இருக்கிறது. பெயர் டெஹாச்சப்பி. பேக்கர்ஸ்ஃபீல்ட் என்ற ஊர் சமவெளியில், கடல் மட்டத்திலிருந்து 120 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கிளம்புகிற பாதை ஏறி ஏறி 1,200 மீட்டருக்கு மேலே கணவாயைத் தொடுகிறது. 1874 முதல் 1876 வரை போட்ட பாதை இது. பொறியாளர் வில்லியம் ஹூட். மலையை வெட்டியவர்கள் ஆயிரக்கணக்கான சீனத் தொழிலாளர்கள், அவர்கள் கையில் இருந்தது மண்வெட்டியும் கடப்பாரையும் வெடிமருந்தும் குதிரை வண்டியும். அந்த ஏற்றத்தை அவர்கள் கையால் அளந்து செதுக்கியிருக்கிறார்கள் என்பது அங்கே நின்று பார்க்கும்போதுதான் உறைக்கும். ஹூட் பெயரைச் சொல்கிற இடத்தில் எல்லாம் அவர்களையும் சொல்ல வேண்டும் என்பது என் பிடிவாதம்.

ஓர் இடத்தில் மலை செங்குத்தாகிவிடுகிறது. நேராகப் போனால் ஏற்றம் தாங்காது. என்ன செய்தார்கள் என்றால், பாதையை ஒரு குன்றைச் சுற்றி வளைத்து, அது கிளம்பிய இடத்துக்கு மேலேயே கொண்டுவந்துவிட்டார்கள். மாடிப்படி சுழன்று ஏறுவது போல. சுற்றின் நீளம் சுமார் 1,150 மீட்டர், ஒரு சுற்றில் ஏறுகிற உயரம் சுமார் 23 மீட்டர். கீழே ஒரு சிறிய சுரங்கப்பாதை, அதன் தலைக்கு மேலே அதே பாதையின் அடுத்த அடுக்கு. ரயில் அந்தச் சுற்றைவிட நீளமாக இருந்தால் இன்ஜின் மேலே போகும்போது அதன் வால் இன்னும் கீழே சுரங்கத்துக்குள் நுழைந்துகொண்டிருக்கும். அங்கே வருகிற பல கூட்ஸ் வண்டிகள் அந்தச் சுற்றைவிட நீளமானவை. தன்னைத்தானே தாண்டிப் போகிற ரயில்.

அங்கே நானும் நண்பர் ஒருவரும் இரண்டு நாள் இருந்தோம். முதல் நாள் காலை எட்டு மணிக்கே அந்தச் சுற்றுக்கு எதிரே, சாலையோரம் பார்வையிட ஒதுக்கியிருக்கிற இடத்தில் கேமராவோடு நின்றுவிட்டோம். ஒன்பது ஆயிற்று, பத்து ஆயிற்று. வெயில் ஏறியது. ஒரு ரயிலும் இல்லை. பன்னிரண்டு மணிக்கு ஏதோ தவறு என்று புரிந்தது. தண்டவாள வேலை நடந்துகொண்டிருந்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: பகலில் வேலை என்றால் பல மணி நேரம் பாதையை மூடிவிடுவார்கள், ரயில்கள் கீழேயும் மேலேயும் தேங்கி நிற்கும், வேலை முடிந்ததும் ஒன்றன்பின் ஒன்றாக விடுவார்கள். பொறுமை இழந்து கிளம்பிப் போகிறவர்கள் தவறவிடுவது அந்த வரிசையைத்தான். நாங்களும் தவறவிட்டோம். மலைக்குப் பின்னால் காரில் போய்க்கொண்டிருந்தபோது ஹாரன் கேட்டது. அப்புறம் இன்னொன்று. திரும்பி வருவதற்குள் இரண்டும் போய்விட்டன, வெளிச்சமும் போய்விட்டது.

இரண்டாம் நாள் முறையை மாற்றினோம். சுற்றில் போய் ரயிலுக்குக் காத்திருக்காமல், கீழே போய் ரயிலைக் கூட்டிக்கொண்டு வருவது என்று முடிவு செய்தோம்.

விடிகிற நேரத்தில் காலியென்டே என்ற சின்ன கிராமத்தில் நின்றோம். பாதை அங்கே குதிரை லாடம் போல ஊரைச் சுற்றி வளைந்து திரும்பி, எதிர் மலைச் சரிவில் ஏறுகிறது. முதலில் கேட்டது சத்தம். மலை ரயிலின் சத்தத்தை நேயர்களுக்கு எப்படிச் சொல்வது? உறுமல் என்றால் போதாது. காதுக்கு முன்னால் நெஞ்சுக்குத்தான் அது வந்து சேரும். இன்ஜின்கள் முழுச் சக்தியில் இழுக்கின்றன, ஆனால் வேகமே இல்லை, அந்த இரண்டும் சேர்ந்தால் வருகிற சத்தம் அது. அதற்கு மேலே, வளைவில் சக்கரம் தண்டவாளத்தை அரைக்கிற கீச்சுக் குரல். பிறகு இரண்டடுக்குக் கன்டெய்னர் ரயில் ஒன்று எங்களைக் கடந்தது. முன்னால் நான்கு இன்ஜின். ஓட்டுநர் எங்களைப் பார்த்தார், அவ்வளவுதான். வால் இன்னும் எங்களைத் தாண்டவில்லை, தலையோ எதிர் மலையில் எங்கள் உயரத்துக்கு மேலே தெரிந்தது.

காருக்கு ஓடினோம். இங்கே ஒரு விதி. கார் ஓட்டுகிறவர் ரயிலைப் பார்க்கக் கூடாது. ரயிலைப் பார்ப்பதும் சொல்வதும் பக்கத்தில் இருப்பவர் வேலை. இன்னொரு விதி, வேகம் கூட்டக் கூடாது. அவசரமே வேண்டாம், ரயில் ஏற்றத்தில் இருக்கிறது. திரும்பச் சொல்கிறேன், ரயில் ஏற்றத்தில் இருக்கிறது. மலையை அது சுற்றிச் சுற்றி ஏறுகிறது, சாலை குறுக்கே போகிறது.

பீல்வில் என்ற இடத்தில் கேட்டருகே அது வருவதற்கு முன்பே நின்றிருந்தோம். இந்த முறை ஓட்டுநர் கையைத் தூக்கினார். மறுபடி காரில் ஏறி நெடுஞ்சாலைக்கு வந்து கீன் என்ற ஊருக்கருகே இறங்கினோம். அங்கே ஹாரனைச் சின்னதாக ஒரு தட்டுத் தட்டினார்.

கீனைத் தாண்டியதும் ரயில் லூப் லைனில் ஒதுங்கி நின்றுவிட்டது. இதுதான் நான் சொன்ன நிலத்தைப் படிக்கிற விஷயம். ஒற்றைத் தண்டவாளத்தில் ஒரு கூட்ஸ் வண்டி லூப்பில் ஒதுங்கினால் பெரும்பாலும் எதிரே ஒன்று இறங்கி வருகிறது என்று அர்த்தம். நின்றுவிட்டதே என்று சலிக்க வேண்டாம், இரண்டு ரயில் கிடைக்கப் போகிறது. அப்படியே ஒன்று இறங்கி வந்தது. ஏறுகிற ரயிலைப் போல முழங்காது அது, சரிவில் அடக்கமாக வரும், அதனால் கவனம் அதிகம் வேண்டும். அது போன பிறகு எங்கள் ரயில் மறுபடி புறப்பட்டது. அதற்குள் நாங்கள் சுற்றுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டோம்.

முதல் நாள் நின்ற அதே இடம். கீழே சுரங்கத்துக்குள் இன்ஜின் நுழைந்து வெளியே வந்து, குன்றைச் சுற்ற ஆரம்பித்தது. அந்த ஒரு சுற்றுக்குள் வெளிச்சம் முகத்திலிருந்து பக்கவாட்டுக்கு, பக்கவாட்டிலிருந்து முதுகுக்கு மாறிக்கொண்டே போகும், அதனால் எங்கே அழுத்த வேண்டும் என்று முன்பே தீர்மானித்து வைக்க வேண்டும். நான் தீர்மானித்து வைத்திருந்தது, தலை மேல் அடுக்கில் வரும்போது வால் கீழே சுரங்க வாயில் இருக்கிற அந்த நொடி. அந்த நொடி வருவதற்குச் சற்று முன்னால் ஓட்டுநர் ஜன்னலிலிருந்து கையை வெளியே நீட்டினார். நான்கு விரல். நான்காவது தடவை என்கிறார்! எங்களை எண்ணிக்கொண்டு வந்திருக்கிறார். நாங்கள் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருக்க, அவர் எங்களை எண்ணியிருக்கிறார்.

அந்தப் படம் இன்றும் என் மேசையில் இருக்கிறது. விரல்கள் லேசாகக் கலங்கியிருக்கும், பெரிதாக்கிப் பார்த்தால் நான்கும் தெரியும்.

ரயிலின் நடுவிலும் கடைசியிலும் இரண்டிரண்டு இன்ஜின்கள் வந்தன. அவற்றில் ஆள் இல்லை. முன்னால் இருக்கிற ஓட்டுநரே ரேடியோ வழியாக அவற்றையும் இயக்குகிறார். எல்லா இன்ஜினையும் முன்னாலேயே மாட்டினால் என்ன என்று தோன்றும். மாட்டினால் முதல் பெட்டியின் கொக்கி முழு ரயிலின் பாரத்தையும் தாங்க வேண்டும், அறுந்துவிடலாம். வளைவிலோ நடுவில் இருக்கிற காலிப் பெட்டிகள் உள்பக்கம் இழுபட்டுத் தடம் புரளலாம். வளைத்துப் போட்ட கயிற்றை முன்னாலிருந்து இழுத்தால் அது நேராகத்தானே பார்க்கும், அதே கதை.

கைக்கடிகாரம் வேறு கதை சொல்கிறது, சீக்கிரம் சொல்கிறேன். பாதுகாப்பு. தண்டவாளத்தில் நின்று படம் எடுக்காதீர்கள், ஒரு படத்துக்காகவும் வேண்டாம். பாரம் ஏற்றிய ரயில் நிற்க ஒன்றரை கிலோமீட்டருக்கும் மேல் ஆகலாம். ரயில்வே நிலத்துக்குள் போகாமல் பொதுச் சாலையிலிருந்து எடுக்கிற படமே போதும். நான் சொன்ன நான்கு இடமும் அப்படித்தான். இரவில் ஓட்டுநர் கண்ணில் ஃப்ளாஷ் அடிக்காதீர்கள்.

இரவு என்றதும் ஒருவரைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஓ. வின்ஸ்டன் லிங்க். நியூயார்க்கில் விளம்பரப் படங்கள் எடுத்தவர். 1955இல் ஆரம்பித்து ஐந்து வருடம், நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் ரயில்வேயில் கடைசி நீராவி இன்ஜின்கள் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், அந்த ரயில்வேயின் ஒத்துழைப்போடு இரவில் படம் எடுத்தார். சூரியனை நகர்த்த முடியாது, தண்டவாளத்தையும் நகர்த்த முடியாது, ஆகவே வெளிச்சத்தைத் தானே கொண்டுபோனார். ஃப்ளாஷ் பல்புகளைப் பாதையோரம் வரிசையாகக் கட்டி, ஒயரால் இணைத்து, எல்லாம் ஒரே நேரத்தில் எரியும்படி செய்தார். ஒரு பல்பு ஒரே தடவைதான் எரியும். ரயில் வரும், ஒரு முறை அழுத்தலாம், முடிந்தது. அடுத்த ரயிலுக்கு அத்தனை பல்பையும் மறுபடி மாட்ட வேண்டும். அவர் ஒயரிங் எப்படிச் செய்தார், ஒரு பல்பு பழுதானால் என்ன ஆகும் என்றெல்லாம் சொல்லத்தான் குறிப்பு எடுத்து வந்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து கை காட்டுகிறார்கள், ஒரு விரல், ஒரு நிமிடம் கூட இல்லை போலிருக்கிறது. வணக்கம்.