உங்கள் மலை நிலத்தில் நிற்பது பைன் மரம்தானா?

நேயர்களுக்கு வணக்கம். கொடைக்கானல் பக்கம் நிலம் வாங்கியவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "பைன் நடலாமா?" என்றுதான். நான் திருப்பிக் கேட்பேன்: "ஏற்கெனவே அங்கே நிற்பது என்ன மரம்?" பைன் என்று அவர்கள் காட்டுவது பல நேரம் பைனாக இருக்காது.

இலையைக் கையில் எடுத்துப் பாருங்கள். பைனில் ஊசிகள் கொத்தாக இருக்கும். மெக்சிகோவிலிருந்து வந்து நம் மலைகளில் பரவிய பட்டுலா பைனில் பெரும்பாலும் 3 ஊசி ஒரு கொத்து, மெலிந்து தொங்கும். சைப்ரஸில் மீன் செதில் போலச் சிற்றிலைகள் கிளையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். சவுக்கின் 'ஊசி'யை இழுத்தால் கணுக்கணுவாகக் கழன்று வரும். அது இலையே அல்ல, சிறுகிளை. சவுக்கு பூக்கும் மரம், பைனும் சைப்ரஸும் போலப் பூக்காமலே விதை தரும் ஊசியிலை வகையில் சேராது.

கிறிஸ்துமஸ் மரம் என்று விற்கும் அரோகேரியாவுக்குக் கிளைகள் அடுக்கடுக்காக இருக்கும். ஒரு நர்சரியில், "பத்தடிக்கு மேல் போகாது" என்றார்கள். நம்பி, வீட்டுச் சுவரிலிருந்து 8 அடியில் நட்டேன். இப்போது அது கூரையைத் தாண்டி நிற்கிறது. இஷ்டப்படி வெட்டவும் முடியாது. 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி, அறிவிக்கப்பட்ட மலைப்பகுதிகளில் பட்டா நிலத்து மரத்துக்கும் பொதுவாக அனுமதி வேண்டும். அதனால் உயரமாக வளரும் எதையும் வீட்டிலிருந்து 30 அடியாவது தள்ளி நடுங்கள்.

புல்வெளிச் சரிவில் பைன் நடவே வேண்டாம். இதை நான் கெஞ்சியே கேட்கிறேன். சும்மா கிடக்கும் நிலம் என்று நினைத்துத்தான் ஆங்கிலேயர் காலத்திலும் பிறகும் அங்கே பைனும் வாட்டில் என்ற வேல வகை மரமும் யூகலிப்டஸும் நட்டார்கள். மழையை வாங்கி ஓடைக்கு மெல்ல மெல்ல விடுவது அந்தப் புல்தான். பைன் விதைக்குச் சிறகு உண்டு. காற்றில் பறந்து பக்கத்துப் புல்வெளியிலும் முளைக்கும். காய்ந்த ஊசிக் குப்பையோ தீ பிடித்தால் சீக்கிரம் அடங்காது.

சரி, பழைய தோட்டத்தின் ஓரத்தில் காற்றுத் தடுப்பாகச் சில சைப்ரஸ் வைக்கலாம் என்றால், மழை பிடித்து மண் நன்றாக நனைந்த பிறகு நடுங்கள். பாலித்தீன் பைக்குள் வேர் சுருண்டிருந்தால் அந்தச் சுருண்ட பகுதியை வெட்டிவிடுங்கள். சுருண்ட வேரோடு நட்ட மரம் பத்து வருடம் கழித்துக்கூட ஒரு பெருங்காற்றில் சாயும். தண்டின் அடியை மண்ணில் புதைக்க வேண்டாம். சரிவில் குழிக்குக் கீழ்ப்புறம் பிறை போல ஒரு வரப்பு போதும். உறைபனி தேங்கும் பள்ளத்தில் இளங்கன்று கருகிவிடும், கொஞ்சம் மேலே தள்ளி வையுங்கள்.

அப்புறம், நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கே சொந்தமான ஊசியிலை வகை மரம் ஒன்றே ஒன்றுதான்: நாகெயா. நிறம்பாலி என்றும் சொல்வார்கள். ஆனைமலை, அகத்தியமலைப் பசுமைமாறாக் காடுகளில் நிற்கிறது. ஆனால் அதற்கு ஊசியும் இல்லை, கூம்புக்காயும் இல்லை, அகன்ற இலைதான். அதனாலேயே தெரியாமல் பலர் கடந்துபோகிறார்கள். ஈரமான சோலையை ஒட்டி உங்கள் நிலம் இருந்தால், அடையாளம் தெரியாத மரத்தை வெட்டும் முன் ஓர் இலையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நடுநரம்பே இல்லாமல் மெல்லிய நரம்புகள் மட்டும் காம்பிலிருந்து நுனிவரை வரிவரியாக ஓடினால், அரிவாளைக் கீழே வைத்துவிடுங்கள்.