தனுஷ்கோடியை மீண்டும் காண்பது: பயண நினைவுகளை நீர்வண்ணத்தில் வரைதல்

[திரையில்: மேசைமேல் வெள்ளைத் தாள், அருகே திறந்த சிறு குறிப்பேடு.]

இன்று இந்தத் தாளில் வரையவிருப்பது, 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியில் இன்னும் நிற்கும் தேவாலயச் சுவர்களை. நான் அங்கே போய்வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. கைப்பேசியில் ஏறத்தாழ 300 படங்கள் இருந்தாலும், ஓவியம் முடியும்வரை அவற்றில் ஒன்றையும் திறக்கப் போவதில்லை. முதலில் நினைவிலிருந்து வரைய வேண்டும், புகைப்படத்தை அதன் பிறகே பார்க்க வேண்டும் என்பது நான் உறுதியாகக் கடைப்பிடிக்கும் முறை.

படமெடுத்துவிட்டோம் என்ற நிம்மதியிலேயே நாம் பார்ப்பதை நிறுத்திவிடுகிறோம். அமெரிக்க உளவியலாளர் லிண்டா ஹென்கெல் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், அருங்காட்சியகப் பொருள்களை முழுதாகப் படமெடுத்தவர்கள், அவற்றை வெறுமனே பார்த்தவர்களைவிடக் குறைவாகவே நினைவில் வைத்திருந்தார்கள். ஒரு பகுதியை மட்டும் நெருங்கிப் படமெடுத்தவர்களுக்கோ அந்த இழப்பு நேரவில்லை. எதைப் பார்க்கிறோம் என்று தேர்ந்தெடுக்கும் அந்த வேலையைத்தான் ஓவியம் ஒவ்வொரு கோட்டிலும் நம்மிடம் கேட்கிறது.

[திரையில்: 'அல்ஜியர்ஸ் பெண்கள்' ஓவியத்தின் இரு வடிவங்கள், அடுத்தடுத்து.]

பிரெஞ்சு ஓவியர் தெலக்ருவா 1832-இல் ஒரு தூதுக்குழுவுடன் மொராக்கோவுக்குச் சென்றார். திரும்பும் வழியில் அல்ஜியர்ஸில் சில நாள்களே தங்கினார். போன இடமெல்லாம் குறிப்பேட்டில் விரைவான கோடுகளை இழுத்து, பக்கத்திலேயே நிறங்களின் பெயர்களைச் சொற்களாக எழுதிக்கொண்டார். பாரிஸுக்குத் திரும்பி 1834-இல் அவர் முடித்த முதல் ஓவியத்தில் ஆடையின் பூவேலையும் சுவர் ஓடுகளும் துல்லியமாகத் தெரிகின்றன. 1849-இல் அதே காட்சியை மறுபடியும் வரைந்தபோது பெண்கள் பின்னுக்கு நகர்ந்துவிட்டார்கள், அறையில் இருள் கூடியிருக்கிறது. சின்னஞ்சிறு விவரங்களை மறந்த பிறகே ஆப்பிரிக்கப் பயணத்தை ஓரளவு நன்றாக வரைய முடிந்தது என்று அவர் 1853-இல் தம் நாட்குறிப்பில் எழுதினார். ஓர் ஓவியரின் பயணம் பதினேழு ஆண்டுகள் உள்ளுக்குள் எப்படி வளர்ந்தது என்பதை இந்த இரண்டு ஓவியங்களைப் போல வேறு எதுவும் எனக்குக் காட்டியதில்லை.

நேர் எதிரான வழியும் உண்டு. 1792-இல் தமிழகத்தில் பயணம் செய்த ஆங்கிலேய ஓவியர் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும், எதிரே உள்ள காட்சியைத் தாளில் விழச்செய்யும் கேமரா அப்ஸ்கியூரா என்ற கருவியின் துணையோடு கோயில்களையும் பாபநாசம் அருவியையும் அளவு பிசகாமல் வரைந்தார்கள். ஆவணத்துக்கு அந்த வழி சிறந்தது. நமக்கு வேண்டியது ஆவணமன்று.

[திரையில்: குறிப்பேட்டின் ஒரு பக்கம், நெருக்கத்தில்.]

என் குறிப்பேட்டில் இருப்பவை மூன்றே வரிகள்: 'வலப்பக்கக் கடல், சோடா பாட்டில் பச்சை. இடப்பக்கக் கடல், வடித்த கஞ்சி. சுவர், நனைந்த வெல்லம்.' நிலம் முடியும் அரிச்சல்முனை நோக்கிப் போகும்போது வலப்பக்கம் இருப்பது மன்னார் வளைகுடா, இடப்பக்கம் பாக் விரிகுடா. சீறும் கடலை ஆண் கடல் என்றும் அமைதியான கடலைப் பெண் கடல் என்றும் அங்குள்ளவர்கள் சொல்வார்கள். பெயிண்ட் டப்பாவின் நிறப் பெயரைவிட, நம் வீட்டுச் சமையலறையிலிருந்து எடுத்த உவமையே இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகும் நிறத்தை அப்படியே கொண்டுவந்து நிறுத்துகிறது.

[திரையில்: ஈரத் தாளில் வண்ணம் பரவுகிறது.]

தாள் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனமுள்ளதாக இருந்தால் நீர் பட்டாலும் அதிகம் சுருளாது. வானத்துக்குத் தாளை முதலில் நனைத்துவிட்டு நீலத்தைத் தொட்டு விடுகிறேன். சுவருக்கு பர்ன்ட் சியென்னா என்ற செம்பழுப்பும் அல்ட்ராமரின் நீலமும் போதும்; நீலம் கூடினால் சாம்பல் நிறமாகும், சியென்னா கூடினால் வெல்லத்தின் நிறம் வரும். அந்தச் சுவர் பவளக் கற்களால் கட்டப்பட்டது, கல்லெல்லாம் துளைகள். ஆகவே வண்ணம் ஈரமாக இருக்கும்போதே சமையல் உப்பைத் தூவுகிறேன்; உப்பு நீரை இழுத்துக்கொள்ள, காய்ந்து தட்டிய பின் வெளிறிய புள்ளிகள் எஞ்சுகின்றன.

இப்போது நிழலைப் போட வேண்டும், எந்தப் பக்கம் என்று கை தயங்குகிறது. அந்தத் தயக்கத்தில்தான் நினைவு திறக்கிறது: நாங்கள் போனது காலை நேரம், சூரியன் முனைப் பக்கம் இருந்தது, மேற்கே விழுந்த நிழலில் அம்மா செருப்பைக் கழற்றி மணலைத் தட்டிக்கொண்டிருந்தார். இதை நான் இரண்டு ஆண்டுகளாக ஒருமுறைகூட நினைத்ததில்லை.

[திரையில்: முடிந்த ஓவியமும் கைப்பேசிப் படமும் அருகருகே.]

ஓவியம் காய்ந்துவிட்டது, இனிப் படங்களைத் திறக்கலாம். நான் சுவரை உயரமாக வரைந்திருக்கிறேன். சன்னல் வழியே கடலை வைத்திருக்கிறேன், படத்தில் அங்கே மணலும் புதரும்தான் இருக்கின்றன. எதையும் திருத்தவில்லை. தாளின் பின்புறத்தில் ஊர், தேதி, நிழலில் நின்ற அம்மா என்று மட்டும் எழுதுகிறேன்.

ஓவியத்தை அம்மாவிடம் காட்டியபோது அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "நம்ம பின்னாடியே வந்துச்சே, அந்த வெள்ளை நாய் எங்கப்பா?" என்று கேட்டார். 300 படங்களிலும் தேடிப் பார்த்தேன். ஒன்றிலும் அது இல்லை. அடுத்த தாளை நனைத்து வைத்திருக்கிறேன். அம்மா அருகில் அமர்ந்து, அதன் காது எப்படி இருந்தது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.