இடக்கால் காலணியும் மூளையின் ஏற்பியும்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம். நரம்பியலைப் பற்றி வேலூரில் பேசுவது எளிது. இந்தியாவின் முதல் நரம்பு அறுவை சிகிச்சைத் துறையை மருத்துவர் ஜேக்கப் சாண்டி 1949ஆம் ஆண்டு இவ்வூரில்தான் தொடங்கினார். 'நரம்பு டாக்டர்' என்ற சொல் நம் ஊர்ப் பெரியவர்களுக்கும் பழகிய சொல். இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது ஒரு பெண் விஞ்ஞானியின் ஆய்வு. கஞ்சாவின் வேதிப்பொருள் மூளையில் எங்கே, எதனோடு சேர்கிறது என்ற கேள்விக்கு விடை கண்டவர் அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஆலின் ஹவ்லெட்.

அவருடைய வாதத்தைப் புரிந்துகொள்ள ஆம்பூர் வரை போய் வந்தால் போதும். அங்கே ஒரு ஜோடி காலணியைக் கையில் எடுத்துப் பாருங்கள். இரண்டிலும் ஒரே தோல், ஒரே அடித்தட்டு, ஒரே தையல். தராசில் வைத்தால் எடையும் ஒன்றே. ஆயினும் இடக்கால் காலணி வலக்காலில் நுழையாது. கண்ணாடியில் தெரியும் உருவம் போல ஒன்றுக்கொன்று திரும்பி நிற்கும் இத்தகைய இரட்டைகள் வேதிப்பொருள்களிலும் உண்டு. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் இதற்குத் திரும்பி வருவேன்.

கஞ்சாவின் போதைக்குக் காரணமான டெட்ராஹைட்ரோகன்னாபினால், சுருக்கமாக டிஎச்சி, 1964ஆம் ஆண்டு இஸ்ரேலில் ரஃபேல் மெஷூலம், யெஹியேல் காவோனி ஆகிய இருவரால் தூய்மையாகப் பிரிக்கப்பட்டு, அதன் அமைப்பும் வரையப்பட்டது. அதன்பின் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக, அது மூளையில் எவ்வாறு வேலை செய்கிறது என்பது யாருக்கும் தெளிவாகவில்லை. டிஎச்சி எண்ணெய்த்தன்மை மிகுந்தது. தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். நரம்பணுவின் சவ்வும் கொழுப்பால் ஆனது. ஆகவே அது சவ்வுக்குள் கலந்து, அதை நெகிழச் செய்து, அதனால் மயக்கம் உண்டாக்குகிறது என்று பலர் கருதினர். காகிதத்தில் எண்ணெய் ஊறுவது போல ஊறுகிறது என்றால், அதற்கெனத் தனியொரு வாசல் தேவையில்லை அல்லவா?

ஹவ்லெட் இந்தக் கருத்தைச் சோதிக்க, எலியின் நரம்புப் புற்றணுக்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்தார். டிஎச்சி போன்ற கஞ்சா வகைப் பொருள்களான கன்னாபினாய்டுகளைச் சேர்த்தபோது, உயிரணுவினுள் செய்தி கடத்தும் சைக்ளிக் ஏஎம்பி என்ற பொருளின் உற்பத்தி குறைந்தது. ஃபைசர் நிறுவனத்தார் வலிநிவாரணி தேடி உருவாக்கியிருந்த லெவோனான்ட்ராடால் என்ற பொருளும் அவ்வாறே செய்தது. ஆனால் அதன் ஆடிப் பிம்பமான டெக்ஸ்ட்ரோனான்ட்ராடால் ஒன்றும் செய்யவில்லை. இப்போது நம் காலணிக்கு வருவோம். கொழுப்பில் கரைவதுதான் காரணம் என்றால் இரண்டும் ஒரே அளவில் கரையும், ஒரே விளைவைத் தர வேண்டும். ஒன்று மட்டும் பொருந்துகிறது என்றால், அங்கே ஒரு கால் இருக்கிறது. அந்தக் காலைத்தான் அறிவியலில் ஏற்பி என்கிறோம். எவர் கண்ணுக்கும் தென்படாத ஒன்று இருப்பதை, அதற்குப் பொருந்தாத ஒன்றைக் கொண்டு உறுதிசெய்த இந்தச் சோதனை, அதன்பின் வந்த பெரிய கண்டுபிடிப்புகளையும் விட எனக்குப் பிடித்தமானது.

ஏற்பி உண்டு என்று வாதிப்பது ஒன்று. அதை நேரில் பிடித்துக் காட்டுவது வேறு. டிஎச்சியைக் கொண்டு தேடினால், அது எண்ணெய்ப் பிசுக்காக எங்கும் ஒட்டிக்கொண்டு ஆய்வைக் குழப்பியது. ஃபைசரின் இன்னொரு பொருளான சிபி 55,940 ஏற்பியை மிக இறுக்கமாகப் பற்றக்கூடியது. அதில் கதிரியக்கமுள்ள ட்ரிட்டியத்தை ஏற்றி, எலி மூளையின் சவ்வுகளில் அது குறிப்பிட்ட இடங்களில் பற்றிக்கொள்வதை ஹவ்லெட்டும் அவருடைய மாணவர் வில்லியம் டிவேனும் 1988ஆம் ஆண்டு உடனாய்வாளர்களோடு வெளியிட்டனர். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் லிசா மாட்சுடாவும் அவருடைய குழுவினரும் அந்த ஏற்பியின் மரபணுவையே பிரித்தெடுத்தனர். இன்று அதற்கு சிபி1 என்று பெயர். 1993ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட சிபி2, பெரும்பாலும் நோய் எதிர்ப்பு அணுக்களில் இருப்பது. அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

மைல்ஸ் ஹெர்கன்ஹாம் அதே கதிரியக்கப் பொருளை மூளையின் மெல்லிய சீவல்களில் இட்டு, ஃபிலிமில் பதித்து, 1990ஆம் ஆண்டு ஒரு வரைபடமே தந்தார். நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ், உடல் சமநிலையைக் காக்கும் சிறுமூளை, அசைவுகளை ஒழுங்குசெய்யும் அடிமூளை முடிச்சுகள் ஆகியவற்றில் ஏற்பிகள் அடர்த்தியாக இருந்தன. கஞ்சா புகைத்தவன் சொன்னதை மறப்பதும், தள்ளாடுவதும் இதனால்தான். மூச்சையும் இதயத்துடிப்பையும் நடத்தும் மூளைத்தண்டுப் பகுதியிலோ அவை மிகக் குறைவு. அபினி வகைகள் அளவு மிஞ்சினால் மூச்சை நிறுத்துவது போலக் கஞ்சா நிறுத்துவதில்லை என்பதற்கு இதுவே விளக்கமாகக் கருதப்படுகிறது. இதை ஒரு நற்சான்றிதழாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வளரும் மூளையைப் பற்றிய கவலை வேறு வழியில் வருகிறது.

செடியில் இருக்கும் பொருளுக்காக நம் மூளை ஏன் வாசல் வைத்திருக்க வேண்டும்? உடலே உண்டாக்கும் ஒரு பொருளுக்கான வாசல் அது என்று ஊகித்த டிவேன், ஜெருசலேமில் மெஷூலமின் ஆய்வகத்திற்குச் சென்று, லுமீர் ஹனூஷுடன் சேர்ந்து பன்றி மூளையிலிருந்து ஒரு கொழுப்புப் பொருளைப் பிரித்தெடுத்தார். 1992ஆம் ஆண்டு வெளியான அதன் பெயர் ஆனந்தமைடு. வடமொழியின் ஆனந்தம் என்ற சொல்லிலிருந்து வந்தது. இந்தப் பெயர்மேல் எனக்கு ஒரு சிறு குறை உண்டு. மூளையில் இதைவிடப் பன்மடங்கு மிகுதியாக இருப்பது 1995ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட 2-ஏஜி என்ற பொருள்தான். அதற்கு யாரும் அழகான பெயர் சூட்டவில்லை. ஏற்பியின் அன்றாட வேலையும் பெரும்பாலும் இன்பத்தைப் பற்றியதன்று, அளவைப் பற்றியது.

காவேரிப்பாக்கம் ஏரியின் நீர் வாய்க்கால் வழியே வயலுக்கு வருகிறது என்று கொள்வோம். வயல் நிறைந்ததும் அங்கிருப்பவர் மடையருகே நிற்பவரைக் கூவி அழைத்து, 'போதும், அடையுங்கள்' என்கிறார். நீர் கீழே வருகிறது. சொல் மேலே போகிறது. நரம்புகளிலும் செய்தி பெறும் அணு மிகுதியாகத் தூண்டப்பட்டால், அது தன் சவ்வின் கொழுப்பிலிருந்தே 2-ஏஜியை அவ்வப்போது செய்து, செய்தி அனுப்பிய அணுவின் முனைக்குத் திருப்பி அனுப்புகிறது. அங்கே இருக்கும் சிபி1 கால்சியம் நுழையும் வழிகளை அடைக்க, அனுப்பும் அணு தன் வேகத்தைக் குறைக்கிறது. 2001ஆம் ஆண்டு அமெரிக்காவில் இரண்டு குழுக்களும் ஜப்பானில் ஒரு குழுவும் இதைத் தனித்தனியே காட்டின. டிஎச்சியோ வயல் நிறைந்ததா, காய்ந்ததா என்று பாராமல் எல்லா மடைகளிலும் ஒரே நேரத்தில் நின்று கூவுகிறது.

மடையை அடைக்கும் இந்தக் குரலையே கேட்கவிடாமல் செய்தால் என்ன ஆகும் என்பதும் தெரிந்துவிட்டது. கஞ்சா பசியைத் தூண்டுவதால், சிபி1 ஏற்பியைத் தடுத்தால் பசி குறையும் என்று கருதி உருவாக்கப்பட்ட ரிமோனாபன்ட், உடல் எடையைக் குறைக்கும் மருந்தாக 2006ஆம் ஆண்டு ஐரோப்பாவில் அனுமதி பெற்றது. எடை குறையவும் செய்தது. ஆனால் சிலருக்கு மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் தோன்றியதால் 2008ஆம் ஆண்டு அதன் விற்பனை நிறுத்தப்பட்டது. கல்லீரலிலும் கொழுப்புத் திசுவிலும் உள்ள சிபி1 ஏற்பிகளை மட்டும் தடுத்து, மூளைக்குள் நுழையாமல் நின்றுவிடும் பொருள்களை ஆய்வாளர்கள் அதற்குப் பின் தேடத் தொடங்கினர்.

நன்றி, வணக்கம்.