துகள் முடுக்கிக்காகச் செய்த கம்பி எம்.ஆர்.ஐக்குள் போன கதை

வணக்கம் நண்பர்களே. இன்றைக்குக் கொஞ்சம் நீளமாகவே பேசப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரிய ஆய்வுக்கூடம் என்றாலே வரும் முதல் கேள்வி, "இவ்வளவு பணத்தைக் கொட்டி நமக்கு என்ன கிடைத்தது?" என்பதுதான். மக்கள் வரிப்பணம், கேட்கத்தான் வேண்டும். ஆனால் அதற்கு வழக்கமாக வரும் பதில் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. ஜெனீவா அருகே இருக்கும் செர்ன் என்ற துகள் இயற்பியல் ஆய்வுக்கூடம் இல்லையென்றால் இன்டர்நெட் இல்லை, டச் ஸ்கிரீன் இல்லை என்று ஃபார்வர்டு மெசேஜ் மாதிரி அடுக்கிவிட்டுப் போய்விடுவார்கள். கணினிகளை இணைக்கும் இன்டர்நெட் செர்னில் பிறக்கவில்லை, அங்கே பிறந்தது அதன் மேல் ஓடும் இணையப் பக்கங்களின் வலை, அதாவது வெப். டச் ஸ்கிரீன் யோசனையும் 1965-லேயே பிரிட்டனில் ஈ.ஏ. ஜான்சன் என்பவர் எழுதி வெளியிட்டதுதான். செர்னில் 1970-களில் ஃபிராங்க் பெக்கும் பென்ட் ஸ்டும்பேயும் அதைத் தாங்களாகவே செய்து பார்த்ததற்குக் காரணம் வேறு. எஸ்.பி.எஸ் என்ற புது முடுக்கியின் (அணுவைவிடச் சிறிய துகள்களை மிக வேகமாக ஓடவைக்கும் இயந்திரம்) கட்டுப்பாட்டு அறையில், பழைய முறைப்படி போனால் ஆயிரக்கணக்கான பொத்தான்களையும் திருகு குமிழ்களையும் பொருத்த வேண்டியிருந்தது. அது நடக்கிற காரியமா? அதனால்தான் தேவைக்கேற்ப மாறும் பொத்தான்களைத் திரையிலேயே கொண்டுவந்தார்கள்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்த நெருக்கடிதான். எங்கும் விற்காத ஒரு பொருள் தேவைப்படுகிறது, அதுவும் குறித்த தேதிக்குள், அதுவும் டன் கணக்கில். இப்படிப்பட்ட ஆர்டரை யார் கொடுப்பார்கள்? சாதாரண வியாபாரிகள் கொடுக்க மாட்டார்கள்.

சரி, கம்பிக்கு வருவோம். முடுக்கிக்குள் வேகமாக ஓடும் புரோட்டானை வட்டப்பாதையில் வளைக்க மிக வலுவான காந்தம் வேண்டும். செம்புக் கம்பியில் அவ்வளவு மின்சாரம் விட்டால் சூடாகி, மின்கட்டணமே ஆளை விழுங்கிவிடும். மீக்கடத்தியில் மின்தடையே கிடையாது, ஆனால் அதைத் திரவ ஹீலியத்தில் மைனஸ் 269 டிகிரி அளவுக்குக் குளிர வைக்க வேண்டும். நையோபியம்-டைட்டானியம் என்ற உலோகக் கலவை இதற்குச் சரிப்படும் என்று 1960-களிலேயே தெரியும். சோதனைக்கூடத்தில் சின்ன அளவில் செய்வது ஒன்று, அமெரிக்காவின் ஃபெர்மிலேப் என்ற ஆய்வுக்கூடம் 6 கிலோமீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள டெவட்ரான் என்ற தன் முடுக்கி வளையத்துக்கு, 700-க்கும் மேற்பட்ட வளைக்கும் காந்தங்களுக்கு, ஒவ்வொரு மீட்டரும் ஒரே தரத்தில் கேட்பது முற்றிலும் வேறு.

அந்தக் கம்பியின் உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். வெளியிலிருந்து பார்த்தால் வெறும் செம்புக் கம்பிதான், தடிமன் ஒரு மில்லிமீட்டர் சுமார். குறுக்கே வெட்டி மைக்ரோஸ்கோப்பில் வைத்தால், செம்புக்குள் ஆயிரக்கணக்கான மீக்கடத்தி இழைகள் புள்ளி புள்ளியாகத் தெரியும். பின்னால் வந்த, செர்னின் எல்.எச்.சி முடுக்கியின் காந்தங்களின் கம்பியில் 6000-க்கும் அதிகமான இழைகள், ஒவ்வொன்றும் ஆறு ஏழு மைக்ரான்தான், தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு. ஏன் இவ்வளவு மெல்லியதாக? தடித்த ஒரே கம்பியாக இருந்தால் காந்தப்புலம் உள்ளே திடீரென்று நகரும், அதில் கொஞ்சம் சூடு பிறக்கும், அந்தக் கொஞ்சம் சூட்டிலேயே மீக்கடத்தும் தன்மை போய்விடும், ஹீலியம் கொதித்துக் காந்தம் நின்றுவிடும். அதற்காக உலோகக் கலவைத் தண்டுகளைச் செம்பில் செருகி, இழுத்து மெலிதாக்கி, துண்டு போட்டு, அந்தத் துண்டுகளைக் கட்டாக அடுக்கி மறுபடியும் இழுப்பார்கள். நடுவில் ஒரு தூசு சிக்கினாலும் இழை அறுந்துவிடும். எவ்வளவு பொறுமை வேண்டும்!

ஃபெர்மிலேப் செய்த ஒரு காரியத்தை நான் மிகவும் மதிக்கிறேன். கலவையைத் தானே மொத்தமாக வாங்கிக் கம்பி தயாரிப்பாளர்களுக்குக் கொடுத்தது, செய்முறை அனுபவத்தையும் பகிர்ந்துகொண்டது. 1983-ல் டெவட்ரான் ஓடத் தொடங்கியபோது, இந்தக் கம்பியை நம்பகமாகச் செய்யத் தெரிந்த தொழிற்சாலைகள் தயாராக இருந்தன. சரியாக அந்தக் காலத்தில்தான் உடலுக்குள் படம் எடுக்கும் எம்.ஆர்.ஐ மருத்துவமனைகளுக்குள் வர ஆரம்பித்தது. எம்.ஆர்.ஐயை ஃபெர்மிலேப் கண்டுபிடிக்கவில்லை, அந்தப் பெருமை லாட்டர்பரையும் மேன்ஸ்ஃபீல்டையும் சேரும், 2003-ல் நோபல் பரிசும் வாங்கினார்கள். ஆனால் நோயாளியைச் சுற்றியிருக்கும் அந்தப் பெரிய காந்தத்துக்குக் கம்பி வேண்டுமே! இன்றைக்கு இந்தக் கம்பிக்கு உலகத்திலேயே பெரிய வாடிக்கையாளர் எம்.ஆர்.ஐதான்.

வெப் கதை உங்களுக்குத் தெரியும், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1989-ல் டிம் பெர்னர்ஸ்-லீ எழுதிய திட்டம், பல நாட்டு ஆய்வாளர்கள் தகவலைத் தொலைக்காமல் இருப்பதற்காக. 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் அதை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று விட்டுக்கொடுத்தது. அதே வருடம் அதன் போட்டியாளரான, இணையத்தில் தகவல் தேடிப் படிக்க உதவிய கோஃபர் என்ற முறைக்கு மின்னசோட்டா பல்கலைக்கழகம் உரிமக் கட்டணம் கேட்கத் தொடங்கியது. இன்றைக்குக் கோஃபரை எத்தனை பேருக்குத் தெரியும்?

அப்புறம் சின்க்ரோட்ரான் ஒளி. முடுக்கி வளையத்தில் எலக்ட்ரான்கள் வளையும்போது ஆற்றலை ஒளியாக இழக்கும், துகள் ஆய்வாளர்களுக்கு அது வெறும் நஷ்டம். அந்த நஷ்டத்தில் வரும் எக்ஸ்-கதிரை மற்றவர்கள் ஓரமாக உட்கார்ந்து பயன்படுத்த ஆரம்பித்தார்கள், பிறகு அதற்கென்றே தனி வளையங்கள் வந்தன. செல்லுக்குள் புரதம் செய்யும் ரைபோசோமின் அமைப்பைக் கண்டறிந்து 2009-ல் நோபல் பெற்றாரே வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், அவருடைய வேலைக்கும் இந்த ஒளிதான் கைகொடுத்தது.

இப்படிச் சொல்வதால் எல்லாத் திட்டமும் பலன் தந்தே தீரும் என்று அர்த்தமில்லை. டெக்சாஸில் 87 கிலோமீட்டர் முடுக்கி வளையத்துக்குச் சுரங்கம் தோண்டத் தொடங்கி, சுமார் 200 கோடி டாலர் செலவழித்த பிறகு, 1993-ல் அமெரிக்க நாடாளுமன்றம் நிறுத்திவிட்டது. உபபொருள்களைக் காட்டி மட்டும் பணம் கேட்பதும் சரியில்லை என்பது என் கருத்து. ஃபெர்மிலேபின் முதல் இயக்குநர் ராபர்ட் வில்சனிடம் 1969-ல், இந்த முடுக்கி நாட்டின் பாதுகாப்புக்கு உதவுமா என்று கேட்டார்கள். நேரடியாக உதவாது, பாதுகாக்கத் தகுதியான நாடாக இதை ஆக்க உதவும் என்றார். கம்பி பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

இப்போது அதே கதை நையோபியம்-டின் கம்பியில் நடக்கிறது. இது இன்னும் வலுவான புலத்தைத் தாங்கும், ஆனால் கண்ணாடி மாதிரி உடையும், அதனால் முதலில் சுருளாகச் சுற்றிவிட்டு அப்புறம்தான் 650 டிகிரி அளவில் சுடுகிறார்கள். பிரான்ஸில் கட்டப்படும் ஐடர் இணைவு உலைக்கு (அணுக்கருக்களை ஒன்றுசேர்த்து ஆற்றல் எடுக்கும் சோதனை உலை) இது 500 டன்னுக்கு மேல் தேவைப்பட்டது. அதற்காகவே உலகின் மொத்த உற்பத்தி வருடத்துக்குச் சுமார் 15 டன்னிலிருந்து 100 டன் வரை ஏறியது. அந்தச் சுருளைச் சுடும் முறையை அடுத்த வீடியோவில் படம் போட்டு விளக்குகிறேன். பார்க்கலாம்.