உள்ள வந்த கப்பல் வெளிய போக முடியாத கதை

(எங்க வாசகர் வட்டத்தோட ஆண்டு விழாவுல பேசினது. போன்ல ரெக்கார்ட் பண்ணினதைக் கேட்டு நானே டைப் பண்ணியிருக்கேன். நடுவுல மைக் ரெண்டு தடவை மக்கர் பண்ணுச்சு, அந்த இடத்துல ஞாபகத்துல இருந்ததைப் போட்டிருக்கேன்.)

எல்லாருக்கும் வணக்கம். தலைவர் அவர்களுக்கும், முன்னிலை வகிக்கிற கவுன்சிலர் அம்மாவுக்கும், எனக்கு எட்டாம் கிளாஸ்ல சரித்திரம் எடுத்த, இன்னைக்கும் முன் வரிசையில உக்காந்து நான் தப்பா ஏதாவது வருஷம் சொல்றேனான்னு பாத்துக்கிட்டு இருக்கிற தலைமையாசிரியர் ஐயாவுக்கும், மண்டபத்தை வாடகை வாங்காம கொடுத்த சங்கத்துக் காரங்களுக்கும், அப்புறம் தோணி முதலாளிங்க நாலு பேர் வந்திருக்காங்க, அவங்களுக்கும் வணக்கம். யாரையாவது விட்டிருந்தா மன்னிச்சுக்குங்க, போன வருஷம் பொருளாளர் பேரை விட்டுட்டேன், அவர் ஆறு மாசம் பேசல. பொருளாளர் அவர்களுக்குத் தனியா ஒரு வணக்கம்.

இன்னைக்கு மூணு விஷயம் பேசப்போறேன். ஒண்ணு, காலனி காலத்துல ஒரு துறைமுகத்தை விட்டு ஒரு கப்பல் கிளம்பணும்னா கஸ்டம்ஸ்ல என்ன பேப்பர் வேணும். ரெண்டு, அந்தப் பேப்பர் கிடைக்காததால அமெரிக்காவுல பாஸ்டன்ல என்ன ஆச்சு. மூணு, நம்ம மெட்ராஸ் மாகாணத்துத் துறைமுகங்கள்ல அதே ரூல் எப்படி வந்துச்சு.

நம்மூர்ல ஒரு பழமொழி இருக்கு, சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான்னு. இதை நான் எல்லாக் கூட்டத்துலயும் சொல்றேன்னு ஒரு குற்றச்சாட்டு இருக்கு. இன்னைக்கும் சொல்லுவேன், ஏன்னா இன்னைக்கு கதையே அதுதான்.

அமெரிக்கா அப்ப இங்கிலாந்தோட காலனி. 1660-லயே ஒரு சட்டம் போட்டாங்க. சர்க்கரை, புகையிலை, பஞ்சு, அவுரி, இஞ்சி, சாயக்கட்டை இதையெல்லாம் காலனியில இருந்து ஏத்துனா இங்கிலாந்துக்கோ இங்கிலாந்தோட இன்னொரு காலனிக்கோ தான் கொண்டு போகணும், பிரெஞ்சுக்காரனுக்கும் டச்சுக்காரனுக்கும் விக்கக் கூடாது. அதுக்கு ஜாமீனா கப்பல்காரன் பாண்டு எழுதிக் கொடுக்கணும், 100 டன்னுக்குக் கீழன்னா 1000 பவுன், மேலன்னா 2000 பவுன். அந்தக் காலத்து 1000 பவுன்ங்க, கப்பலோட சேத்து வீட்டையும் எழுதி வெக்கிற மாதிரி.

அப்புறம் 1764-ல சர்க்கரைச் சட்டம்னு ஒண்ணு வந்துச்சு, அதுல இன்னும் இறுக்கிட்டாங்க. காக்கெட்னு ஒரு சீட்டு, என்ன சரக்கு, எவ்வளவு, மூட்டையில என்ன குறி, அனுப்புறவன் யாரு, வாங்குறவன் யாரு, வரி கட்ட வேண்டிய சரக்குன்னா வரியை எங்க எப்பக் கட்டினது, எல்லாம் எழுதி கஸ்டம்ஸ் கையெழுத்து வாங்கின பிறகுதான் கிளம்பலாம். பக்கத்து ஊருக்கு விறகு ஏத்திப் போற சின்னப் படகுக்கும் இதே தான்னு ஆகி, ஒரே கூச்சல், அடுத்த வருஷமே மேல்தளம் இல்லாத சின்னப் படகுக்கு மட்டும் கொஞ்சம் தளர்த்தி விட்டாங்க.

முதல்ல சரக்கை ஏத்திடுவோம், பேப்பரை அப்புறம் பாத்துக்கலாம்ங்கிறது பாஸ்டன் வழக்கம். கஸ்டம்ஸும் கண்டுக்காம இருந்தாங்க. ஜான் ஹான்காக்னு ஒரு பெரிய வியாபாரி, 1768-ல அவரோட லிபர்ட்டிங்கிற கப்பலை, பர்மிட் வாங்கறதுக்கு முன்னாடியே எண்ணெய்ப் பீப்பாயும் தாரும் ஏத்திட்டாருன்னு சொல்லிப் புடிச்சுட்டாங்க. வருஷக்கணக்கா ஊரே பண்ணினது தான், ஆனா அன்னைக்கு ரூல் புக்கை எடுத்துட்டாங்க. ஆளைப் பாத்து ரூல் எடுக்கிறது எந்த ஊர்லயும் உண்டுன்னு முன் வரிசையில சிரிக்கிறீங்க, எனக்குத் தெரியுது.

இப்ப ரெண்டாவது விஷயம். பாஸ்டன் தேநீர் விருந்துன்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருப்போம், ஐயா தான் நடத்தினாரு, வரியை எதிர்த்து டீயைக் கடல்ல கொட்டினாங்கன்னு. அது சரி, ஐயா சொன்னது தப்பில்ல. ஆனா வேணாம்னா திருப்பி அனுப்ப வேண்டியது தானே, ஏன் கொட்டினாங்க? அதை நான் கிளாஸ்ல கேக்கல, கேட்டிருந்தா வெளிய நிக்க வெச்சிருப்பாரு.

டார்ட்மவுத்னு ஒரு கப்பல் 1773 நவம்பர் 28-ந் தேதி பாஸ்டனுக்கு வருது. கிழக்கிந்தியக் கம்பெனி டீ 114 பெட்டி. ஊர்க்காரங்க டீயை இறக்கக் கூடாது, அப்படியே திருப்பிக் கொண்டு போங்கறாங்க. அதே சமயம் கண்ணு முன்னாடி இருக்கட்டும்னு கப்பலை கிரிஃபின்ஸ் வார்ஃப்ங்கிற கப்பல் மேடையில கொண்டாந்து கட்டவும் சொன்னாங்க, காவலுக்கு ஆளும் போட்டாங்க. கப்பல் வந்துருச்சுன்னு கஸ்டம்ஸ்ல பதிஞ்சு என்ட்ரி போட்டாச்சு. அங்க தான் மாட்டிக்கிச்சு. என்ட்ரி போட்டா 20 நாளைக்குள்ள வரி கட்டணும், இல்லன்னா கஸ்டம்ஸே சரக்கைப் புடிச்சுக்கும். டீயை இறக்கி வரி கட்டாம வெளிய போகக் கிளியரன்ஸும் கிடையாது.

கப்பல் பிரான்சிஸ் ராட்ச்ங்கிற பையன் குடும்பத்தோடது. 23 வயசுங்க. நம்ம வீட்டுல 23 வயசுப் பையனை ரேஷன் கார்டுல பேர் சேக்க அனுப்பினா என்ன ஆகும்? அந்த மாதிரி தான். ஊர்க்காரங்க பத்துப் பேரை சாட்சிக்குக் கூட அனுப்பி, போய் கிளியரன்ஸ் கேளுன்னாங்க. கஸ்டம்ஸ் கலெக்டர் என்ன சொன்னாரு? நான் யோசிக்கணும், நாளைக்கு வா. (கைதட்டல். இந்த இடத்துல தோணிக்காரங்க தான் ரொம்ப நேரம் தட்டினாங்க.) நாளைக்குப் போனா, டீயை இறக்கின பிறகு வா, தர்றேன். இறக்கினா ஊர்க்காரங்க கப்பலைக் கொளுத்துவாங்க. இறக்கலன்னா கிளியரன்ஸ் இல்ல. கிளியரன்ஸ் இல்லாம கிளம்பினா கேஸில் வில்லியம் கோட்டையில பீரங்கியைத் திருப்பி வெச்சிருக்கான், பத்தாததுக்குப் போர்க்கப்பல் வேற வழியில நிக்குது.

டிசம்பர் 16. மறுநாள் கெடு முடியுது. ஓல்ட் சவுத் மீட்டிங் ஹவுஸ்ல ஏறக்குறைய 5000 பேர் கூடியிருக்காங்க, ஊர் ஜனத்தொகையே 16000 தான் இருக்கும். கடைசியா கவர்னர் கிட்டப் போய், அந்தக் கோட்டையைத் தாண்டிப் போக பாஸ் கேட்டுட்டு வான்னு பையனை அனுப்புறாங்க. கவர்னர் ஹட்சின்சன் ஊர்ல இல்ல, மில்ட்டன்ல தன் வீட்டுல இருக்காரு, ஏழெட்டு மைல். அந்த டீயை வாங்கி விக்கிற ஏஜெண்டு லிஸ்ட்ல அவரோட ரெண்டு பசங்களும் இருக்காங்கங்கிறதையும் மனசுல வெச்சுக்குங்க. பையன் போய் நிக்கிறான். கவர்னர் கேக்குறாரு, கஸ்டம்ஸ் கிளியரன்ஸ் இருக்கா? இல்லைங்க, அதைத் தர மாட்டேன்னு சொல்லித்தான் இங்க வந்தேன். அப்படின்னா பாஸ் தர முடியாதுப்பா, ரூல் இல்ல.

பாத்தீங்களா. நம்ம பழமொழியில சாமியாவது வரம் கொடுத்துச்சு. பாஸ்டன்ல பூசாரி கை விரிச்சாச்சு, சாமி கிட்டப் போனா சாமி, பூசாரி சீட்டு இருந்தாத்தான் வரம்னுது.

பையன் திரும்பி வரும்போது சாயங்காலம் ஆறு மணி கிட்ட, இருட்டி மெழுகுவர்த்தி ஏத்திட்டாங்க. விஷயத்தைச் சொன்னான். கப்பலை நீயே எடுத்துட்டுப் போறியான்னு கேட்டாங்க, போனா நான் அழிஞ்சேன்னான். அப்புறம் நடந்தது தான் உங்களுக்குத் தெரியுமே, செவ்விந்தியர் வேஷம் போட்டுக்கிட்டு, டார்ட்மவுத்துக்குப் பின்னாடி டீயோட வந்த ரெண்டையும் சேத்து மூணு கப்பல்ல ஏறி 342 பெட்டியை உடைச்சு மூணு மணி நேரத்துல கொட்டினாங்க. அந்நேரம் கடல் வத்தம், தண்ணி கம்மி, டீத்தூள் வைக்கோல் போர் மாதிரி கப்பல் ஓரமா குமிஞ்சு கிடந்துச்சாம். ஒரு பூட்டு உடைஞ்சதுக்குப் புதுப் பூட்டு வாங்கிக் கொடுத்தாங்கன்னும் சொல்லுவாங்க. டீயோட மதிப்பு 9659 பவுன்.

இதுல ஒண்ணு கவனிங்க. அதே வருஷம், அதே கம்பெனி டீ, பாலி-ங்கிற கப்பல்ல ஏறக்குறைய 700 பெட்டி பிலடெல்பியாவுக்குப் போச்சு. அங்க ஆத்துலயே கேப்டனை நிறுத்தி, கஸ்டம்ஸ்ல என்ட்ரி போடாம அப்படியே திரும்பிப் போயிடுன்னு சொன்னாங்க, போயிட்டான். என்ட்ரியே போடலன்னா கிளியரன்ஸும் வேணாமே! சார்ல்ஸ்டன்ல 20 நாள் ஆனதும் கஸ்டம்ஸ் டீயைப் புடிச்சுக் கிடங்குல போட்டுப் பூட்டிட்டாங்க, கொட்டவும் இல்ல அடிதடியும் இல்ல. ஆக ஒரே டீ, ஒரே வரி, ஊருக்கு ஊர் வேற வேற முடிவு. வரி மேல தான் கோபம், நான் இல்லங்கல. ஆனா ராத்திரி கோடாலி எடுக்க வெச்சது அந்தக் கிளியரன்ஸ் சீட்டு தான்னு நான் அடிச்சுச் சொல்லுவேன், ஐயா மார்க் குறைச்சாலும் பரவால்ல.

தலைவர் துண்டுச்சீட்டு அனுப்பிட்டாரு, பத்து நிமிஷம்னு. மூணாவது விஷயத்துக்கு நேரமில்ல, சுருக்கமா, 1878-ல நம்ம நாட்டுல வந்த கடல் சுங்கச் சட்டம், துறைமுகக் கிளியரன்ஸ் இல்லாம எந்தக் கப்பலும், சரக்கு இருந்தாலும் காலியா இருந்தாலும் கிளம்பக் கூடாது, துறைமுகத்துல கப்பலுக்கு வழிகாட்டுற பைலட்டும் அந்தக் கப்பலை வெளிய எடுக்கக் கூடாது. நம்ம வ.உ.சி. 1906-ல சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பிச்சதும் இந்தச் சட்டம் இருந்த காலத்துல தான். அதைத் தனியா ஒரு நாள் பேசணும். வெள்ளைக்காரன் போய் 1962-ல புதுச் சட்டம் வந்துச்சு, அதுலயும் அதிகாரியோட எழுத்து உத்தரவு இல்லாம கப்பல் போகக் கூடாது. ரூல் வேணும்ங்க, நான் கடத்தல்காரனுக்குப் பேச வரல.

நான் கேக்கறது வேற. தர மாட்டேன்னு சொல்றதையும் எழுத்துல கொடுங்கிறேன். எங்க மச்சான் தோணி போன மழைக்காலத்துல வெங்காயம் ஏத்திக்கிட்டு நாலு நாள் நின்னுச்சு. எந்த ஆபீஸ்னு சொல்லல, சொன்னா அடுத்த தடவை எட்டு நாள் நிக்கும். முதல் நாள் இந்த விண்ணப்ப ஃபாரம் தப்புன்னாங்க, ரெண்டாம் நாள் சார் மீட்டிங்ல இருக்காருன்னாங்க, மூணாம் நாள் அந்த டேபிள்ல கேளுங்க, அந்த டேபிள்ல போனா இந்த டேபிள்ல கேளுங்க. அஞ்சாம் நாள் நான் தோணிக்குள்ள இறங்கிப் பாத்தேன், சாக்கு ஓட்டை வழியா வெங்காயம் ரெண்டு அங்குலத்துக்கு முளைவிட்டுப் பச்சையா எட்டிப் பாக்குது, உள்ள ஒரே புழுங்கல் வாடை, தண்டல், அதாவது தோணியை ஓட்டுறவர், சாக்கை அழுத்தினாரு, விரல் உள்ள போச்சு. சாமி வரம் கொடுத்தாச்சு, ஏத்துமதி லைசென்ஸ் டெல்லியில இருந்தே வந்தாச்சு, பூசாரி தான்.

அதனால இந்தக் கிளியரன்ஸ் விஷயமா நாம கொடுக்கப்போற மனுவுல மூணே கோரிக்கை. ஃபாரம் தமிழ்லயும் வேணும், தண்டல் படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடணும். மறுத்தா காரணம் எழுதி, அதிகாரி பேரு, தேதி போட்டுக் கொடுக்கணும். கொடுக்கிறதோ மறுக்கிறதோ 24 மணி நேரத்துக்குள்ள. கவுன்சிலர் அம்மா மொதக் கையெழுத்துப் போடறேன்னு கீழ உக்காந்திருக்கும்போது சொன்னாங்க, மேடையில வெச்சே நன்றி சொல்லிடறேன், இனி மாத்த முடியாது. மனு வாசல்ல பெஞ்சு மேல இருக்கு, பேனா நூல்ல கட்டியிருக்கு, போன தடவை ரெண்டு பேனா போச்சு. பேரும் தோணி நம்பரும் தெளிவா எழுதுங்க. டீ வந்துருச்சாம், கையெழுத்துப் போட்டுட்டு குடிங்க.